ஏனைய வகை

டிசம்பர் பனியோடு பர்மிங்ஹாம் மண்டபத்துக்குள்
இரண்டாயிரம் கோழிகள் வந்து இறங்கின.
என் வேலை அட்டை எழுதுவது.
கூண்டுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஓர் எண்,
எண்ணுக்கு மேலே வகுப்பின் பெயர்.
கறுப்பு மை. நாளுக்கு மூன்று ஷில்லிங்.

வகுப்புகளைப் பிரித்த கனவான்களிடம்
தராசு இருந்தது, அட்லஸ் இருந்தது.
டார்க்கிங்குக்கு விரல் ஐந்து.
ஸ்பானியம் கறுப்பு உடல், வெள்ளை முகம்,
துக்க வீட்டுக்குப் பவுடர் பூசி வந்த சீமாட்டி.
கொச்சின் சீனா கப்பலேறியது ஷாங்காயில்;
கொச்சியையும் அது பார்த்ததில்லை.
கொண்டை பெருத்தது போலந்து.
போலந்துக்காரர் எவரும் அதற்கு உரிமை கேட்டு வரவில்லை.
எதிலும் அடங்காதவற்றுக்குக் கடைசி வரிசை,
கதவோரம், காற்று நேராக அறையும் இடம்:
ஏனைய வகை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால்
ஜேபெஸ் ஆஷ்வர்த் வந்தார். லங்காஷையர், கைத்தறி.
கூடையைக் கோட்டுக்குள் வைத்து
மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே வந்தவர்.
'எந்த வகுப்பு?'
'மூனி.'
நிலவைச் செல்லமாக இழுத்துச் சொல்லும்
அவர்கள் பக்கத்துப் பேச்சு.
கூடையைத் திறந்தார்.
வெள்ளி இறகு ஒவ்வொன்றின் நுனியிலும்
ஒரு கறுப்பு நிலா,
பச்சை மினுங்கும், ஓரம் பிசிறாத முழு நிலா.
எண்ணிப் பார்த்தீரா என்றேன், விளையாட்டாக.
'கழுத்துக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு.
வாலை இன்னும் முடிக்கவில்லை.'

அவர்கள் ஊர் பீர்க்கடையில் ஆண்டுக்கொரு போட்டியாம்.
ஜெயித்தால் செப்புக் கெட்டில்.
'வீட்டில் நான்கு தொங்குகின்றன,' என்றார்,
'தேயிலைதான் இல்லை.'

பட்டியலில் விரலை ஓட்டினேன்.
மூனி இல்லை. ஃபெசன்ட் இல்லை.
போல்டன் கிரே இல்லை, சிட்டிப்ராட் இல்லை.
அத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல்: ஹாம்பர்க்.
'அது எங்கே?'
'கடலுக்கு அந்தப் பக்கம். துறைமுகம்.'
அவர் கோழியைப் பார்த்தார்.
கோழி என்னைப் பார்த்தது.
ஊர் பேர் தெரியாததென்று யாரும் சொல்ல முடியாது;
ஊரும் இருந்தது, பேரும் இருந்தது.
நான் ஹாம்பர்க் என்று எழுதினேன்.
மை காய நேரமானது, அவ்வளவு குளிர்.

நடுவர் பாதிரியார் லூக்கின்
மற்றக் கூண்டுகளுக்குக் கழற்றாத கையுறையை
இதற்குக் கழற்றினார்.
ஓர் இறகை விரித்தார், இன்னொன்றை விரித்தார்,
பிரசங்கத்தில் வாக்கியம் மறந்தவர்போல் நின்றார்.
பிறகு தலையைத் திருப்பினார்.
காதுமடல் சிவப்பு.
விதிப்படி வெள்ளை.
'அழகி,' என்றார், 'ஆனால் இது ஹாம்பர்க் இல்லை.'
'காலையிலிருந்து,' என்றார் ஜேபெஸ்,
'நானும் அதைத்தானே சொல்கிறேன்.'

புது அட்டை எழுதிக் கதவோரம் மாற்றினேன்.
இந்தப் பக்கம் வாலில்லாத ஒன்று,
அந்தப் பக்கம் இறகெல்லாம் தலைகீழாய்ச் சுருண்ட ஒன்று.
மூன்றும் ஒரே திசையில் திரும்பி
காற்றுக்கு முதுகு கொடுத்து நின்றன.

மாலையில் ஒரு கனவான், ஐந்து பவுன் என்றார்.
அவரிடம் வெண்காதுச் சேவல் ஒன்று இருந்தது.
பத்து வார நெசவு.
ஜேபெஸ் விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தார்,
கணக்கு எப்போதோ முடிந்த பிறகும்.
கூடையையும் விட்டுவிட்டுப் போனார்.

நான்கு டிசம்பர் கழித்து
ஹாம்பர்க், பெட்டை, முதல் பரிசு.
அட்டை எழுதியது நான்தான்.
இறகு நுனியில் அதே நிலாக்கள்,
காதுமடல் மட்டும் தாள்போல் வெள்ளை.
கண்காட்சி மூடக் கால் மணி இருந்தது.
கழுத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
நூற்று நாற்பத்தொன்றில்
அவள் திரும்பிவிட்டாள்.